ஊசிக்குப் பயந்த ஆறு

பூவாலி ஆறு முதல் தடவையாகக் கையை இழுத்துக்கொண்டது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, தாழைத்துறைப் பேரூராட்சியின் பெரிய படித்துறையில், பதினாறு தன்னார்வலர்களும் ஒரு தலைவரும் ஒரு அறிவியல் டீச்சரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது. அதுவரைக்கும் அது மற்ற ஆறுகளைப் போலத்தான் இருந்தது. குளித்தவர்களைக் குளிக்க விட்டது, துவைத்தவர்களைத் துவைக்க விட்டது, யார் எதைக் கொண்டுவந்து கொட்டினாலும் ஏன் எதற்கு என்று கேட்காமல் வாங்கிக்கொண்டது.

சித்திரை மாதம் கெண்டை மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. வைகாசியில் ஆற்றில் குளித்த பிள்ளைகளுக்கு முழங்காலுக்குக் கீழே தடிப்புத் தடிப்பாக வந்தது. ஊர்க்காரர்கள் மனுப் போட்டார்கள். மனு கிடைத்தது என்று பதில் வந்தது. அந்தப் பதில் கிடைத்தது என்று இவர்கள் பதில் போட்டார்கள். அதற்கு மேல் அந்தக் கடிதப் போக்குவரத்து வளரவில்லை. அப்போதுதான் உயர்நிலைப் பள்ளியின் அறிவியல் டீச்சர் ரஹ்மத் நிஷா, ஆற்றை நாமே பரிசோதித்துக்கொள்ளலாம், அது ஒன்றும் ராக்கெட் விடுகிற வேலை இல்லை என்று சமுதாயக் கூடத்தில் எழுந்து சொன்னாள். எட்டு இடங்கள், ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு பேர், மாதம் இரண்டு தடவை. நிறம், வாடை, உப்பு, தண்ணீரில் கரைந்த காற்று, கிருமி, எல்லாவற்றுக்கும் ஒரு படிவம். படிவத்தின் ஐந்தாவது கட்டத்தில் 'அழுக்கு எங்கிருந்து வருகிறது' என்று இருந்தது. அதை நிரப்பச் சொன்னபோது கூடத்தில் இருந்த அத்தனை பேரும் ஆற்றின் மேற்புறத்தைப் பார்த்துக் கையை நீட்டி, "மேலேர்ந்து வருது" என்றார்கள்.

"மாதிரி எடுக்கறதுக்கு தில்லையக்காவ விட்டா ஆளில்ல," என்றார் பேரூராட்சித் தலைவர் தனுஷ்கோடி. "ரத்தமே எடுக்கறவங்க. தண்ணி எடுக்க மாட்டாங்களா?"

தில்லைநாயகி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பதினெட்டு வருஷமாக ரத்தப் பரிசோதனை நிலையம் நடத்துகிறவள். அந்த ஊரில் அவள் நரம்பு தேடிப் பிடிக்காத முழங்கை இல்லை. யாருக்கு எவ்வளவு சர்க்கரை, யாருக்கு எவ்வளவு உப்பு என்று தலைகீழாகச் சொல்லுவாள், ஆனால் சொல்ல மாட்டாள் என்பதால்தான் அவளிடம் கூட்டம் வந்தது. தலைவர் அவள் பெயரைச் சொன்னதும் மறுத்துவிடலாமா என்று அவளுக்குத் தோன்றியது. எதனால் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததைத் தெரியாத மாதிரி வைத்துக்கொள்ள இரண்டு வருஷமாகப் பழகியிருந்தாள். அதனால் சரி என்று தலையாட்டினாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் சேலைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்த படியில் நின்று, 'படித்துறை, மாதிரி 1' என்று ஒட்டுக் காகிதம் ஒட்டிய பாட்டிலைத் திறந்து குனிந்தாள். தண்ணீர் ஒரு சாண் விலகியது. இன்னொரு படி இறங்கினாள். தண்ணீரும் ஒரு படி இறங்கியது. அவள் கையை எட்டி நீட்ட நீட்ட, பயந்த நோயாளி முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொள்வது போல ஆறு தன்னை அந்தப் பக்கமாக இழுத்துக்கொண்டே போனது. கடைசியில் பாட்டில் காய்ந்த மணலைத் தொட்டது. தினமும் காலை ஏழு மணியிலிருந்து பத்து மணி வரைக்கும் போலீஸ்காரர்களும் லாரி டிரைவர்களும் மீசை வைத்த பெரிய மனிதர்களும் இப்படிக் கையை இழுத்துக்கொள்வதைப் பார்த்தவள் அவள்.

"ஊசிக்குப் பயப்படுது," என்றாள்.

யாரும் ஆச்சரியப்படவில்லை. தலைவர் மட்டும், "எத்தனை நாளைக்குப் பயப்படும்?" என்று கேட்டார்.

"சில பேரு கடைசி வரைக்கும் பயப்படுவாங்க."

"அப்ப அடுத்த கூட்டத்துல வச்சுப் பேசுவோம்," என்று சொல்லிவிட்டு அவர் ஒரு பூப்புனித விழாவுக்குக் கிளம்பிப் போனார்.

அடுத்து வந்த பத்து நாளும் தாழைத்துறைக்கு வேறு பேச்சு இல்லை. குடத்தில் மொண்டால் ஆறு வந்தது. குடத்திலிருந்து பாட்டிலுக்கு ஊற்றினால் பாட்டிலின் விளிம்பைத் தொட்டுவிட்டுத் திரும்பக் குடத்துக்கே குதித்தது. ஒட்டுக் காகிதத்தைக் கிழித்துவிட்டு முயன்றார்கள், அதையும் கண்டுகொண்டது. அம்மன் கோவில் பூசாரி தினமும் மொண்டு போகிற செம்பில் அன்றைக்கும் மொண்டார், செம்பு நிரம்பியது. வாசலில் காத்திருந்த டீச்சர் அதைக் கேட்டு வாங்கிப் பார்த்தபோது உள்ளே ஒரு துளசி இலை மட்டும் உலர்ந்து கிடந்தது. ஆக, பாத்திரம் எது என்பதில் இல்லை, எதற்கு எடுக்கிறோம் என்பதில் இருக்கிறது விஷயம் என்று டீக்கடையில் முடிவானது. டீச்சர் படிவத்தில் 'ஆறு விலகிய தூரம், அடியில்' என்று புதிதாக ஒரு கட்டம் சேர்த்தாள். தில்லைநாயகி தினமும் காலையில் போய்ப் படியில் உட்கார்ந்து, நோயாளிகளிடம் பேசுகிற மாதிரியே பேசிப் பார்த்தாள்: எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், காலையில் ஏதாவது சாப்பிட்டாச்சா, சும்மா எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும். வேறு யார் பாட்டிலுக்கும் ஒரு முழம் விலகிய ஆறு, அவள் பாட்டிலுக்கு நாலு முழம் விலகியது.

இதை வேறு ஒரு கண்ணால் பார்த்தவள் அய்யம்மாள். அக்கரையில் நாணல்மேட்டில் அவளுக்கு ஐந்து மாடுகள். பாலை இக்கரைக்குக் கொண்டுவர அவள் தினமும் இரண்டு கேன்களோடு பேருந்து ஏறி, பதினான்கு கிலோமீட்டர் சுற்றி, வேறு ஊர்ப் பாலம் வழியாக வரவேண்டும். தாழைத்துறைக்கும் ஒரு பாலம் பதினோரு வருஷமாக வந்துகொண்டிருந்தது. அதில் இரண்டு தூண்கள் வந்திருந்தன, அவற்றில் கொக்குகள் குடியிருந்தன. ஒருநாள் பால் ஊற்றிவிட்டுத் திரும்பிய அய்யம்மாள், படித்துறையில் கூடையில் கிடந்த காலிப் பாட்டில்களைப் பார்த்தாள், ஆற்றைப் பார்த்தாள், காலிக் கேன்கள் இரண்டையும் தலையில் அடுக்கி, கைக்கு இரண்டாகப் பாட்டில்களை எடுத்துக்கொண்டு படியிறங்கி நடந்தாள். ஆறு அவளுக்கு முன்னால் மாட்டுவண்டி அகலத்துக்குத் திறந்தது. வந்த தண்ணீர் பாதைக்கு இந்தப் பக்கம் மண்ணுக்குள் முங்கி, அந்தப் பக்கம் எழுந்து தன் வழியே போனது. நாலு நிமிஷத்தில் அவள் அக்கரையில் நின்று கேன்களை இறக்கிவைத்தாள். சேலை நுனிகூட நனையவில்லை.

மறுநாள் இருபது பேர் வந்தார்கள், அதற்கு மறுநாள் இரண்டு ஊரும் வந்தது. மூங்கில் கழிகளில் பாட்டில்களைக் கட்டி ஆற்றுக்குக் குறுக்கே இரண்டு வரிசையாக நட்டார்கள். பேரூராட்சி இன்னும் இருநூறு பாட்டில் வாங்கியது. பள்ளிப் பிள்ளைகள் நடந்தார்கள், ரேஷன் அரிசி நடந்தது, நாதஸ்வரம் முன்னால் ஊதிக்கொண்டு போக ஒரு மாப்பிள்ளை ஊர்வலம் நடந்தது, கன்றை ஈன்ற பசு ஒன்று நடுவில் நின்று இரண்டு பக்கமும் தண்ணீர் இருக்கக் குடிக்கத் தண்ணீர் கிடைக்காமல் குழம்பியது. போகிறவர்கள் இடதுபக்கம், வருகிறவர்கள் வலதுபக்கம் என்று பலகை வைத்தார்கள். இரண்டே வாரத்தில் பாலம் இல்லாத ஊர் என்று யாரும் பெண் கேட்டு வராமலிருந்த நாணல்மேட்டுப் பெண்கள் மூன்று பேருக்குக் கல்யாணம் நிச்சயமானது. பூவாலி ஆற்று நீர்த்தரக் கண்காணிப்புக் குழு வாரா வாரம் கூடி, பாதையில் இரு சக்கர வாகனம் விடலாமா, ஐஸ் வண்டி நிற்கலாமா என்று பேசியது.

"டெஸ்ட் எப்பத்தான் எடுக்கறது?" என்று டீச்சர் கேட்டாள்.

"எடுத்துட்டா பயம் போயிடும். பயம் போயிட்டா பாதை போயிடுமே டீச்சர்," என்றார் தலைவர், சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல.

பாதையின் தரையை முதல் வாரம் யாரும் பார்க்கவில்லை. இரண்டாவது வாரம் பார்த்தார்கள். ஆற்றின் அடியில் என்னென்ன கிடக்கும் என்று யாருக்கும் தெரியாமல் இல்லை, ஆனால் அது வெயிலில் உலர்ந்து, தன் முகத்தைக் காட்டிக்கொண்டு கிடந்தது வேறு விஷயம். ஓட்டல் பெயர் அச்சிட்ட பொட்டலத் தாள்களும், மெக்கானிக் கடையின் கறுத்த எண்ணெய் டின்களும், இறந்தவர்களின் தலையணைகளும், பூச்சிமருந்து டப்பாக்களும், கரையாத சாமி சிலைகளின் தும்பிக்கைகளும், தலைவர் இரண்டு கைகளையும் கூப்பிச் சிரிக்கிற தேர்தல் பதாகை ஒன்றும் அங்கே கிடந்தன. ஆளாளுக்கு வெயில் என்று குடையை விரித்துக்கொண்டு நடந்து, குடையின் மறைவில் குனிந்து, தன்னுடையதை மட்டும் எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு போனார்கள். மற்றவர்களுடையதை யாரும் தொடவில்லை. குடையே பிடிக்காத மனிதர்களெல்லாம் அந்த ஆனி மாதம் குடை வாங்கினார்கள்.

தில்லைநாயகி ஒரே ஒரு தடவைதான் பாதையில் இறங்கினாள். நடு ஆற்றில் மணலுக்குள்ளிருந்து விரல் அளவு கண்ணாடிக் குழாய்கள் தலையை நீட்டிக்கொண்டிருந்தன. ஊதா மூடி, சிவப்பு மூடி. ஒன்றை எடுத்துத் துடைத்தாள். ஒட்டுக் காகிதத்தில் மை கலங்கியிருந்தாலும் கையெழுத்து அவளுடையதுதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பெருமழையில் சாலை அறுத்துக்கொண்டு போய், மருத்துவக் கழிவு எடுக்கிற வேன் ஆறு வாரம் வரமுடியவில்லை. பின்கட்டில் பைகள் சேர்ந்தன, நாறின, பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். ஒருநாள் விடியற்காலையில் ஒன்பது சிவப்புப் பைகளையும் சைக்கிளில் மூன்று நடையாகக் கொண்டுவந்து அவளே ஆற்றில் எறிந்தாள். வெள்ளம் கடலுக்குக் கொண்டுபோய்விடும் என்று நினைத்தாள். வெள்ளம் நடு ஆறு வரைக்கும்தான் கொண்டுபோயிருந்தது. அவள் கையில் குடை இல்லை. குழாயை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

நாலு நாள் கழித்துக் காலை எட்டு மணிக்கு அய்யம்மாள் நொண்டிக்கொண்டு அவள் நிலையத்துக்கு வந்தாள்.

"செருப்பத் தாண்டி என்னமோ குத்திருச்சு தாயி. முள்ளுன்னு நெனச்சேன். புடுங்கிப் பாத்தா இது." முந்தானை முடிச்சை அவிழ்த்து மேஜையில் வைத்தாள். பச்சை அடிப்பாகம் வைத்த ஊசி, துரு ஏறியது.

தில்லைநாயகி அவள் காலைக் கழுவினாள், மருந்து வைத்தாள், கட்டுப் போட்டாள். கட்டுப் போட எவ்வளவு நேரம் ஆகுமோ அதைவிட அதிக நேரம் ஆக்கினாள். பிறகு சொன்னாள்: "ரெண்டு வருஷம் தண்ணியில கெடந்த ஊசிதாங்கா. பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. ஆனா இன்னைக்கு ஒருவாட்டி ரத்தம் பாத்துடணும். ஆறு வாரம் கழிச்சு ஒருவாட்டி, மூணு மாசத்துல ஒருவாட்டி. பெரியாஸ்பத்திரிக்கு இப்பவே போயி தடுப்பூசியும் போட்டுக்கணும்."

கேட்கிறவர்கள் பதற வேண்டாம்: மூன்று பரிசோதனையிலும் அய்யம்மாளுக்கு ஒன்றும் இல்லை என்றுதான் வந்தது. ஆனால் அன்றைக்குக் காலையில் அது இருவருக்கும் தெரியாது.

"எவன் போட்டானோ," என்றாள் அய்யம்மாள். "இந்த ஊர்ல ஊசி போடுற எடம் நாலு இருக்கு. எவன்னு கண்டுபுடிக்க?"

நாலு இடம் இருந்தது உண்மை. தில்லைநாயகி அந்த நாலையும் ஒரு நிமிஷம் மனதுக்குள் வரிசையாக நிறுத்திப் பார்த்தாள். அவை தப்பித்துப் போக நல்ல அகலமான நாலு கதவுகளாக இருந்தன.

"என்னோடதுதாங்கா," என்றாள்.

அய்யம்மாள் ஊசியைப் பார்த்தாள். பிறகு அவளைப் பார்த்தாள். "ரெண்டு வருஷம்னு கரெக்டா சொன்னியேன்னு பாத்தேன்," என்றாள். வெளியே பேருந்து ஒன்று ஆள் கூப்பிட்டுக் கத்திவிட்டுப் போயிற்று. "எத்தன?"

"ஒம்பது பை."

அய்யம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வளையலை மேலே தள்ளிக்கொண்டு இடது கையை நீட்டினாள். "ரத்தத்த எடு."

அந்தக் கையைப் பிடித்தபோது, பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாகத் தில்லைநாயகிக்கு நரம்பு கிடைக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டாவது தடவை குத்தினாள், கிடைத்தது.

"நாலு மணிக்குக் கூட்டம் இருக்குல்ல," என்றாள் அய்யம்மாள் எழுந்துகொண்டே. "அங்கயும் இதச் சொல்லு."

"சொன்னா ஆத்துக்குப் பயம் தெளிஞ்சிருமோ என்னமோக்கா. ஒங்க பாத போயிடும்."

"போவும்தான். மறுபடி அந்தப் பஸ்ஸுல சீரழியணும்." அய்யம்மாள் வாசலில் நின்று காலை ஊன்றிப் பார்த்தாள். "மருமவளுக்கு எட்டு மாசம். வெறுங்காலோட அந்த மண்ணுலதான் நடந்து வாரா. அவ காலுல குத்துனா நான் ஒன்கிட்ட இப்புடிப் பேசிட்டு நிக்க மாட்டேன்."

நாலு மணிக் கூட்டத்தில், பாதையில் விளக்குக் கம்பம் நடுவது பற்றித் தலைவர் பேசிக்கொண்டிருந்தார். தில்லைநாயகி எழுந்து நின்று, ஒன்பது பையையும், சைக்கிளையும், மூன்று நடையையும், அய்யம்மாளின் காலையும் சொன்னாள்.

"அது ரெண்டு வருஷத்துக்கு முந்திங்க," என்றார் தலைவர். "இப்ப எதுக்கு. மினிட்ஸ்ல வேணாம் டீச்சர்."

அய்யம்மாள் கட்டுப் போட்ட காலைத் தூக்கி முன்னாலிருந்த காலி நாற்காலியில் வைத்தாள். "எழுதுங்க டீச்சர். அந்த அஞ்சாவது கட்டத்துல."

டீச்சர் எழுதினாள். அந்தக் கட்டத்தில் 'மேலேர்ந்து' என்பதைத் தவிர எழுதப்பட்ட முதல் வரி அதுதான். அவள் எழுதி முடித்து நிமிர்வதற்குள் ஓட்டல்காரர் தொண்டையைக் கனைத்து, எச்சில் இலை தன்னுடையது என்றார், எண்ணெய்யும் கொஞ்சம் என்றார். எண்ணெய் என்றதும் மெக்கானிக்குக்கு ரோஷம் வந்து, எண்ணெய் என்றால் அது தன்னுடையதுதான், ஓட்டல் எண்ணெய்யெல்லாம் ஒரு எண்ணெய்யா என்றார். பூசாரி சிலைகளைச் சொன்னார். ஒரு பெண் தன் மாமனாரின் தலையணையைச் சொல்லி அழுதாள், அது எழுத வேண்டியதில்லை என்று டீச்சர் சொல்லியும், எழுதத்தான் வேண்டும் என்று நின்று எழுத வைத்தாள். படிவம் நிரம்பி, கூடுதல் தாள் வைத்து, அதுவும் நிரம்பியது. எல்லாரும் உட்கார்ந்த பிறகு ஊரே தலைவரைப் பார்த்தது.

"நம்ம கல்யாண மண்டபத்துலேர்ந்து ஒரு குழாய் வருது," என்றார் அவர். "சின்னக் குழாய்தான்."

"எத்தன இஞ்ச்?" என்றாள் டீச்சர் பேனாவைத் தூக்கி.

"எட்டு."

எழுதினாள். அன்றைக்குத்தான் ஆற்றைப் பரிசோதிக்கிற திட்டம் திட்டமாயிற்று. எந்த இடத்தில் எதைத் தேட வேண்டும் என்று இப்போது தெரிந்துவிட்டதால், எட்டாக இருந்த இடங்கள் பதினொன்றாயின, மண்டபத்துக் குழாய்க்குக் கீழே ஒன்று, ஓட்டல் வாய்க்காலுக்குக் கீழே ஒன்று, மூன்றாவது நடு ஆற்றில். "நடு ஆத்துல எடுக்கணும்னா படகு வேணும்," என்று டீச்சர் தாளைப் பார்த்துக்கொண்டே படித்தாள். "தெனமும் காலைல ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ. ரெண்டு கரையும் தொட்டு வரணும்."

"தெனமுமா? மாசம் ரெண்டு தடவன்னுல்ல இருந்துச்சு?"

"ஆறு தெனமும்தானே ஓடுது தலைவரே. படகுல பன்னெண்டு பேர் உக்கார எடம் இருக்கும். மாதிரி எடுக்க ரெண்டு பேர் போதும். மிச்ச எடம் சும்மாத்தான் கெடக்கும்."

அய்யம்மாள் காலை நாற்காலியிலிருந்து இறக்கினாள். "கேன் வைக்க எடம் இருக்குமா?" என்றாள்.

"வைக்கலாம். அதையும் எழுதிடறேன்."

ஆறு நாள் வேலை நடந்தது. குடை யாரும் கொண்டுவரவில்லை. இப்போது எது யாருடையது என்று எல்லாருக்கும் தெரியும் என்பதால், எவருடையதையும் எவரும் எடுத்தார்கள். நடு ஆற்றுப் பகுதிக்கு மட்டும் தில்லைநாயகி கயிறு கட்டி, வேறு யாரையும் விடாமல், தடித்த கையுறையும் இடுக்கியும் மூடி போட்ட டப்பாவுமாக மணலைச் சல்லடையில் சலித்தாள். மூன்றாவது நாள் அய்யம்மாள் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்து, சல்லடையின் மறுபக்கத்தைப் பிடித்தாள். தலைவருடைய குழாய்க்கு ஏழு ஆள் சேர்ந்து சிமெண்ட் அடைத்தார்கள்; அன்றைக்கு மண்டபத்தில் நடந்த வளைகாப்புக்கு வந்தவர்கள் கை கழுவ முடியாமல் தலைவரைத் திட்டினார்கள். டப்பாக்களை வேன் வந்து எடுத்துக்கொண்டு போனது. பிறகு இக்கரையிலிருந்து ஒவ்வொன்றாகக் கழிகளைப் பிடுங்கினார்கள். நாணல்மேட்டு ஜனங்கள் கடைசியாக ஒரு தடவை பாதையில் நடந்து தங்கள் கரைக்குப் போனார்கள். சிலர் வேண்டுமென்றே மெதுவாக நடந்தார்கள். ஆறு அவர்கள் பின்னாலேயே, குதிகாலைத் தொடாமல், மூடிக்கொண்டு போனது.

ஏழாவது நாள் காலையில் இரண்டு கரையிலும் கூட்டம். எல்லாரையும் மேல்படிக்கு ஏற்றிவிட்டுத் தில்லைநாயகி தனியாக இறங்கினாள். படி ஈரமாக இருந்தது. பாட்டிலைத் திறந்தாள். இந்தத் தடவை எந்த ஊர், சாப்பிட்டாச்சா என்றெல்லாம் கேட்கவில்லை. எறும்புக்கடி என்றும் சொல்லவில்லை.

"வலிக்கும்," என்றாள். "உள்ள என்னென்ன இருக்குன்னு வரும். நல்லதா வரும்னு நான் சொல்ல மாட்டேன். என்னோடதும் அதுல இருக்கும். வந்தா மறைக்க மாட்டோம். அதுக்கு என்ன வைத்தியமோ, பண்ணுவோம்."

தண்ணீர் ஒரு விரற்கடை விலகியது. அவள் பாட்டிலை நீட்டாமல், தண்ணீர் மட்டத்துக்குப் பிடித்தபடி, முழங்கால் மரத்துப்போகும் வரைக்கும் குனிந்தே நின்றாள். பிறகு பூவாலி ஆறு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு கையை மட்டும் நீட்டுகிற பிள்ளையைப் போல, மெல்ல வந்து, பாட்டிலின் வாயில் ஒரு தடவை நின்று, உள்ளே இறங்கியது. கழுத்து வரைக்கும் நிரம்பியது. நிறம் லேசான மஞ்சள், அடியில் ஒரு சிட்டிகை கறுப்பு. தில்லைநாயகி மூடியைத் திருகி, தேதி எழுதி, பாட்டிலை டீச்சரிடம் கொடுக்கப் பின்னால் நீட்டினாள். அடுத்து அவள் செய்ததை அவள் யோசித்துச் செய்யவில்லை. பதினெட்டு வருஷப் பழக்கத்தில் கை தானாக இடுப்புப் பைக்குள் போய் ஒரு துண்டுப் பஞ்சை எடுத்து, தண்ணீர் எடுத்த இடத்தில், தண்ணீரின் மேலேயே வைத்து லேசாக அழுத்தியது.

"அழுத்திப் புடிச்சுக்க," என்றாள். "அஞ்சு நிமிஷம்."

ஆறு அஞ்சு நிமிஷம் அசையாமல் நின்றது. அப்புறம் ஓடியது.